ஸ்டாண்டர்டு 2000: புதிய உடலில் பழைய எஞ்சின்

ஸ்டாண்டர்டு 2000 என்பது சென்னையை அடுத்த வண்டலூர் – பெருங்களத்தூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1985ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த சொகுசுக் கார் ஆகும். 1988இல் அதன் உற்பத்தி நின்றது. பழைய எஞ்சினின் திறனைக் கூட்டி வேறொரு காரில் பொருத்துவது எந்த அளவுக்குப் பலன் தரும் என்பதை அறிய விரும்பும் மாணவர்களுக்கு, தமிழ் மண்ணிலேயே நடந்த இந்த முயற்சி நல்ல பாடமாகும்.

எஞ்சினின் பிறப்பு

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்டு நிறுவனம் வேன்கார்டு என்னும் காரை வடிவமைத்தது. அந்நிறுவனம் பெர்குசன் டிராக்டரையும் தயாரித்து வந்தது. ஆகவே ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு சிலிண்டர் எஞ்சின், சில மாற்றங்களுடன், காருக்கும் டிராக்டருக்கும் பயன்பட்டது. உழவுக்கும் உதவும் எஞ்சின் என்றால் உறுதிக்குக் கேட்கவா வேண்டும்?

இதன் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. பிஸ்டன் ஓடும் சிலிண்டர் சுவர், எஞ்சின் கூட்டோடு சேர்த்து வார்க்கப்படாமல், தனிக் குழாயாகச் செருகப்பட்டிருக்கும். பட்டறைகளில் இதை ‘ஸ்லீவ்’ என்பர். குளிர்விக்கும் நீர் இதன் வெளிப்புறத்தை நேரடியாகத் தொட்டுச் செல்லும். தேய்ந்தால் கழற்றிவிட்டுப் புதியதைப் போடலாம். வேறு விட்டமுள்ள ஸ்லீவைச் செருகினால், அதே எஞ்சின் வேறு கொள்ளளவு பெறும்.

கணக்கு எளிதுதான். பிஸ்டன் ஓடும் நீளம் 92 மில்லிமீட்டர், அது மாறுவதில்லை. சிலிண்டரின் விட்டம் 80 மி.மீ. என்றால் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துக் கொள்ளளவு 1850 சி.சி.; 83 என்றால் 1991 சி.சி.; 85 என்றால் 2088 சி.சி. வட்டத்தின் பரப்பை உயரத்தால் பெருக்கி, நான்கால் பெருக்கினால் இந்த எண்கள் வந்துவிடும். மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

திறன் கூடிய விதம்

வேன்கார்டு காரில் 2088 சி.சி. எஞ்சின் 68 குதிரைத்திறன் தந்தது. 1953இல் வந்த டிரையம்ப் டி.ஆர்.2 விளையாட்டுக் காரில் கொள்ளளவு 1991 சி.சி.யாகக் குறைக்கப்பட்டது, இரண்டு லிட்டருக்கு உட்பட்ட பந்தயப் பிரிவில் சேர்வதற்காகவே அந்தக் குறைப்பு. ஆனால் திறனோ 90ஆக உயர்ந்தது! சிறிய எஞ்சின் கூடுதல் திறன் தந்தது எப்படி? ஒரு கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு வைக்கப்பட்டன. 6.7 ஆக இருந்த அமுக்க விகிதம் 8.5 ஆக உயர்த்தப்பட்டது. காற்றும் பெட்ரோலும் தாராளமாக உள்ளே சென்று, இறுக்கமாக அமுக்கப்பட்டு எரிந்தன. அதே ஆண்டு பெல்ஜியம் நாட்டில், தனியாகத் தயார் செய்யப்பட்ட ஒரு டி.ஆர்.2 மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அந்த வகைக் காரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

வண்டலூரில் நடந்தது

இந்தியாவில் ஸ்டாண்டர்டு நிறுவனம் வேன்கார்டில் தொடங்கி ஹெரால்டு, கேசல் எனப் பல கார்களைத் தயாரித்தது. 1970களின் பிற்பகுதியில் கார் உற்பத்தி நின்று, வேன் போன்ற வணிக வண்டிகள் மட்டுமே வெளிவந்தன. மீண்டும் கார் சந்தைக்குள் நுழைய அந்நிறுவனம் தேர்ந்தெடுத்தது, 1977ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் விருதை வென்ற ரோவர் எஸ்.டி.1 வகையின் உடலை. பிரிட்டனில் முதலில் அந்தக் கார் 3500 சி.சி., எட்டு சிலிண்டர், 155 குதிரைத்திறன் எஞ்சினுடன் வந்தது. பின்னாளில் வந்த இரண்டு லிட்டர் வகைகூடச் சுமார் 100 குதிரைத்திறன் கொண்டது. அதுவே மந்தம் என்று அங்கே பேசப்பட்டது.

இறக்குமதிக் கட்டுப்பாடும் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையும் நிலவிய காலம் அது. புதிய எஞ்சினை வரவழைப்பதோ, இங்கே வார்ப்பதோ பெருஞ்செலவு. எனவே வேன்கார்டு வழிவந்த 1991 சி.சி. எஞ்சினே சற்று மேம்படுத்தப்பட்டு வைக்கப்பட்டது. திறன் சுமார் 83 குதிரைத்திறன். வேன்கார்டின் 68 எங்கே, இந்த 83 எங்கே என்று பார்த்தால் முன்னேற்றம்தான். ஆனால் சுமக்க வேண்டிய உடலோ டி.ஆர்.2ஐ விட மிகவும் கனமானது. நம் சாலைகளுக்காகக் காரின் உயரமும் கூட்டப்பட்டது.

இன்னொரு தடை எஞ்சினின் பிறவிக் குணம். பிஸ்டன் ஓடும் நீளம் சிலிண்டரின் விட்டத்தைவிட அதிகம். இத்தகைய எஞ்சின் குறைந்த சுழற்சியில் நன்றாக இழுக்கும்; கலப்பைக்கு அது வரம். வேகமாகச் சுழலும்போதோ பிஸ்டன் ஒவ்வொரு முறையும் நெடுந்தூரம் போய்வர வேண்டியிருப்பதால் அதிர்வும் தேய்மானமும் கூடும். திறன் என்பது இழுவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கிவரும் அளவு. சுழற்சிக்கு வரம்பு இருந்தால் திறனுக்கும் வரம்பு உண்டு. ஆக்டேன் எண் குறைந்த அன்றைய பெட்ரோலில் அமுக்க விகிதத்தை விருப்பம்போல உயர்த்தவும் இயலாது. ‘நாக்கிங்’ என்னும் தட்டல் ஓசை எழுந்து பிஸ்டன் கெடும்.

விலை உயர்ந்த கார், பார்வைக்குக் கம்பீரம், ஓட்டத்தில் சோர்வு, பெட்ரோல் செலவோ அதிகம். 1983 இறுதியில் வந்த மாருதி 800, சிக்கனமான புதிய எஞ்சின் எப்படியிருக்கும் என்பதை மக்களுக்கு முன்பே காட்டியிருந்தது.

மற்றொரு வழி

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் காண்டெஸா காரை இதே முறையில்தான் கொண்டுவந்தது. உடல் பிரிட்டனின் வாக்ஸ்ஹால், எஞ்சின் அம்பாசடரின் 1489 சி.சி., திறன் சுமார் 50 குதிரைத்திறன். ஸ்டாண்டர்டு 2000ஐவிட அது பரிதாபமான நிலை. ஆனால் சில ஆண்டுகளில் ஜப்பானின் இசுசூ நிறுவனத்தின் 1817 சி.சி. எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே பொருத்தினர். காண்டெஸா புத்துயிர் பெற்று 2002 வரை உற்பத்தியானது. 1990களின் தொடக்கத்தில் அதே எஞ்சின் அம்பாசடருக்கும் வந்தது.

பட்டறைகளிலும் எஞ்சின் மாற்றம் நடந்தது. தென்மாவட்டங்களில் வாடகைக்கு ஓடிய பெட்ரோல் அம்பாசடர்கள் சிலவற்றுக்கு மாட்டடோர் வேனின் டீசல் எஞ்சின் மாட்டப்பட்டது. திறனுக்காக அன்று, டீசல் மலிவு என்பதற்காக. இன்று இத்தகைய மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது.

வண்டலூரில் எஞ்சிய ரோவர் உதிரிபாகங்களை இங்கிலாந்தின் லிங்கன் பகுதியைச் சேர்ந்த ரிம்மர் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கிச் சென்றது. அங்கே பழைய எஸ்.டி.1 கார்களைப் பேணுவோருக்கு அவை பயன்பட்டன.