பெருமாள் பார்க்க அளந்த நெல்



முசிறிப் பக்கத்தில் இருக்கிற நமக்கு ஸ்ரீரங்கம் ஒன்றும் தொலைவில்லை. சேலம் ரோட்டில் பஸ் ஏறினால் சுமார் 40 கிலோமீட்டர். போகிறோம், பெருமாளைச் சேவிக்கிறோம், திரும்புகிறோம். அடுத்த முறை போனால் அங்குள்ள கொட்டாரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். கொட்டாரம் என்றால் கோயிலின் நெற்களஞ்சியம். செங்கல் வைத்து வட்டமாக எழுப்பியிருக்கிறார்கள். நம் வீட்டுக் குதிருக்கு அண்ணன் என்று சொல்லலாம்.

அந்தக் காலத்தில் கோயில் நடந்ததே நெல்லால்தான். மன்னர்கள் நிலம் எழுதி வைத்தார்கள். உழவன் விளைச்சலில் ஒரு பங்கு அளந்தான். பெருமாளுக்குத் தளிகையும் அந்த நெல்தான், கோயிலில் வேலை செய்தவர்களுக்குக் கூலியும் அந்த நெல்தான்.

இன்றைக்கும் சித்திரைத் தேர்த் திருவிழாவின் 7ஆம் நாள், நம்பெருமாள் கொட்டாரத்துக்கு எழுந்தருளி நெல் அளப்பதைப் பார்க்கிறார். 'நெல்லளவு கண்டருளல்' என்று இதற்குப் பெயர். சாமியே வந்து கணக்குப் பார்க்கிறது என்றால், நெல்லை நாலு பேர் கண் முன்னால் அளக்க வேண்டும் என்பதில் நம் முன்னோர் எவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்கிறார்கள்!

தஞ்சை மாவட்டம் பாபநாசத்தில் திருப்பாலைத்துறை சிவன் கோயிலிலும் இப்படி ஒரு களஞ்சியம் உண்டு. 1600க்கும் 1634க்கும் இடையில் தஞ்சை நாயக்கர்கள் கட்டியது. 35 அடி உயரம். 3,000 கலம் கொள்ளும். கலத்துக்கு 12 மரக்கால் என்றால் 36,000 மரக்கால்! தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது.

இவ்வளவு பெரிதாக ஏன் கட்டினார்கள்? மேட்டூர் அணை 1934இல்தான் வந்தது. அதற்கு முன் காவிரி ஒரு வருஷம் கரை புரளும், மறு வருஷம் மணல் காட்டும். கையில் இருக்கிற நெல்தான் அப்போது துணை.

குதிரும் பத்தாயமும் போய் இப்போது சாக்கு வந்துவிட்டது. ஆனாலும் நெல்லின் குணம் மாறவில்லை. ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும், வண்டு விழும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. வீட்டில் வைக்க 14 சதத்துக்குக் கீழே காய வேண்டும். பல்லில் கடித்தால் 'நறுக்'கென்று உடைய வேண்டும். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரில் ஒட்டாமல் அடுக்குங்கள். விற்கும்போது எடை போடுகிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். பெருமாளே நிற்கிறாரே, நாம் நிற்பதற்கு என்ன?