பிரதி எடுத்துப் பயின்ற பெருங்கலைஞர்கள்

பிறர் தீட்டிய ஓவியத்தைப் பார்த்து வரைவது கலைப் பயிற்சியா, வெறும் நகல் வேலையா என்னும் ஐயம் நம்மிற் பலருக்கு உண்டு. ஐரோப்பிய உருவப்பட மரபின் வரலாறு இதற்குத் தக்க விடை அளிக்கிறது. அதனை ஒரு படத்தின் துணைகொண்டு காண்போம்.

இத்தாலிய ஓவியர் ரஃபேல், 1514-15ஆம் ஆண்டளவில், தம் நண்பர் காஸ்திலியோனேயின் உருவத்தைத் தைல வர்ணத்தில் தீட்டினார். கருமை, வெண்மை, சாம்பல், பழுப்பு ஆகிய சில நிறங்களே அதில் மிகுதியும் ஆளப்பட்டுள்ளன. கண்கள் மட்டும் நீலம். வெறுமனே காண்போர் அங்கு ஒரு முகத்தைக் காண்பர். பிரதி எடுப்பவரோ, அம்முகம் உருவான வகையைக் காண்பர். நிழல் எவ்விடத்தில் ஒளியுடன் கலக்கிறது, ஒரே சாம்பல் நிறம் அண்டை நிறத்திற்கேற்ப எவ்வாறு வேறுபட்டுத் தோன்றுகிறது என்பனவற்றைக் கை உணர்ந்தாலன்றிக் கண் முற்றும் உணர்வதில்லை. தைல வர்ணம் மெல்ல உலர்வதால், திருத்தித் திருத்திப் பயிலவும் இடமுண்டு.

ஃபிளாண்டர்ஸ் நாட்டு ரூபென்ஸ் இப்படத்தைப் பிரதி எடுத்தார். இளமைப் பயிற்சியோடு அவர் நின்றுவிடவில்லை. 1628-29இல் அரசத் தூதராக மாட்ரிட் சென்றபோது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது, பெரும்புகழும் எய்தியிருந்தார். எனினும் அங்கே டிஷியனின் ஓவியங்களின் முன் மாணவரைப் போல் நின்று பிரதி எடுத்தார். அவற்றுள், பேரரசர் ஐந்தாம் சார்லசும் அரசியும் அமர்ந்துள்ள படத்தின் மூலம் பின்னர் அழிந்துபட்டது. இன்று அதனை நாம் அறிவது ரூபென்சின் பிரதியால்தான்.

ரெம்பிராண்டின் வழி வேறு. 1639இல் ஆம்ஸ்டர்டாமில் காஸ்திலியோனே படம் ஏலத்திற்கு வந்தபோது, அவர் அதனைப் பேனாவால் விரைந்து வரைந்துகொண்டார். விலை 3,500 கில்டர் என்றும் அதிலேயே குறித்தார். மூலத்தில் நேராக இருந்த தொப்பி அவர் கையில் சாய்ந்துவிட்டது. மறு ஆண்டில் அவர் தீட்டிய தன்னுருவப் படத்தில் அந்த இத்தாலியப் பெருமிதத்தின் சாயல் விளங்குகிறது; முகமோ முற்றிலும் ரெம்பிராண்டினுடையது.

ரஃபேலின் அப்படம் இன்று பாரிஸ் லூவர் காட்சிச்சாலையில் உள்ளது. 1793இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்ட நாள் தொட்டு, பிரதி எடுப்போர்க்கு அங்கு இடமுண்டு. பிரதியின் அளவு மூலத்தின் அளவாக இருத்தலாகாது என்பது அங்குள்ள விதி. ஏமாற்றுக்கு இடமின்றிப் பயிற்சிக்கு மட்டும் வழிசெய்த விதி அது.

மொழிபெயர்ப்பிலும் இம்முறையே இயங்கக் காண்கிறோம். பிறர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு எழுதும்போதுதான் நம் சொல்லின் வலிமையும் குறையும் நமக்குப் புலனாகின்றன. நேயர்கள் தாம் வாழும் நகரின் காட்சிச்சாலையில், உரிய அனுமதியுடன், நல்லதோர் உருவப்படத்தின் முன் பென்சிலும் தாளுமாக ஒரு மணி நேரம் அமர்ந்து பார்ப்பாராக. படம் நன்கு அமையாது போயினும், பார்வை கூர்மை பெறும்.