தண்ணீர் ஏறினால் சுரங்கச் சுவர் சரிவது ஏன்? ஒரு ஆறே உள்ளே புகுந்த கதை!

2007 நவம்பர் 14. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள யலோர்ன் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தின் ஒரு பக்கச் சுவர் பெயர்ந்து பள்ளத்துக்குள் நகர்ந்தது. சரிந்தது சுமார் 60 லட்சம் கன மீட்டர் நிலக்கரியும் மண்ணும். பக்கத்தில் ஓடிய லட்ரோப் ஆறு அப்படியே சுரங்கத்துக்குள் கொட்டியது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை.

காரணம் என்ன? விசாரணை கை காட்டியது தண்ணீரை. சுவருக்குப் பின்னால் நிலக்கரியில் இருந்த விரிசலிலும், அடியில் இருந்த களிமண் அடுக்கிலும் நீர் அழுத்தம் ஏறியிருந்தது.

மழைத்தண்ணீர் மண்ணை அரிப்பதால்தான் சுவர் சரியுதுன்னு பலரும் நினைக்கிறாங்க. இங்கே விஷயம் வேற. 40 மீட்டர் ஆழ விரிசல் முழுக்க தண்ணீர் நின்றால், அதன் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 40 டன் எடை தள்ளும். விரிசல் விரல் அகலம் இருந்தாலே போதும். கணக்கில் வருவது உயரம் மட்டும்தான். நீர்மட்டம் இரண்டு மடங்கானால், சுவரைத் தள்ளும் மொத்த விசை நான்கு மடங்காகும்!

இந்தப் பகுதியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். அதனால் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். பக்கத்திலிருந்து நீர் தள்ள, அடியிலிருந்தும் நீர் தூக்கினால், அவ்வளவு பெரிய சுவரும் களிமண் மேல் வழுக்கிப் போகும்.

அதனால்தான் சுவருக்குள் படுக்கைவாட்டில் துளை போட்டு தண்ணீரை வடிக்கிறார்கள். சுரங்கத் தரைக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நீரையும் பம்ப் வைத்து இறைக்கிறார்கள். நம்ம நெய்வேலியிலும் இதே கதைதான்: இறைப்பதை நிறுத்தினால், அடியில் இருக்கும் ஆர்ட்டீசியன் நீர் தரையையே மேலே தூக்கிவிடும்.

யலோர்ன் அருகே உள்ள ஹேசல்வுட் சுரங்கம் 2017-ல் மூடப்பட்டது. அதன் பள்ளத்தை ஏரியாக நிரப்பத் திட்டம். தண்ணீர்தான் ஆபத்துன்னா, ஏன் நிரப்பணும்? சுவருக்குள் இருக்கும் நீர் வெளியே தள்ளும்; பள்ளத்தில் நிற்கும் நீரோ சுவரை எதிர்ப்பக்கமிருந்து தாங்கிப் பிடிக்கும். ஆனால் அரைகுறையாக நிரம்பும் காலத்தில் கண்காணிப்பை விட முடியாது. நிரம்பிய ஏரியை வேகமாக வடித்தாலும் சிக்கல்தான். தாங்கிய நீர் போய்விடும். சுவருக்குள் இருக்கும் நீர் அவ்வளவு சீக்கிரம் வடியாது.