கம்பளி கொடுத்தார்கள், சப்பாத்துக் கொடுக்கவில்லை

கஹவத்தை பஜாரில் எனக்குச் சப்பாத்துக் கடை. அம்மா பக்கத்துத் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டியவர். மரத்துக்கு மரம் வெறுங்காலோடு போனவர். தோட்டத்தில் யார் காலுக்கு என்ன கிடைக்கும் என்பதை வேலை தீர்மானித்ததே இல்லை, பதவிதான் தீர்மானித்தது. துரைக்குப் பூட்ஸும் முழங்கால்வரை மேஸும். கணக்கப்பிள்ளைக்குச் சப்பாத்து. பெரிய கங்காணிக்குத் தோல் செருப்பு. நாள் முழுக்க மண்ணில் நிற்கிறவருக்கு ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் காலுக்குப் பாதுகாப்பு என்ற எண்ணமே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளியிட்ட இலங்கை நூலில் அட்டையைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். கோப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமாக நெய்த துணியில் அட்டை புகாத காலுறை போட்டுக்கொண்டார்கள். ஊர்ச்சனம் எண்ணெய், புகையிலைச் சாம்பல், எலுமிச்சம் சாறு என்று பூசிக்கொண்டது. 1818 இல் கண்டிக் கிளர்ச்சியை அடக்க மலையேறிய படையில் மதராஸ் சிப்பாய்களும் சுமைகூலிகளும் அட்டைக்கடியிலேயே பலர் செத்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். அந்தத் துணிக்காலுறை இன்றைக்கும் இருக்கிறது. சிங்கராஜ வனம் பார்க்க வரும் பயணிகள் வாங்கட்டும் என்று என் கடை வாசலிலும் நாலைந்து தொங்குகிறது. தோட்டத்து ஆட்கள் யாரும் அதை விலைகூடக் கேட்டதில்லை. அவர்களுக்குச் சவுக்காரம் போதும்: முழங்காலுக்குக் கீழே தேய்த்துக் காயவிட்டால் மழை கழுவும்வரை அட்டை ஏறாது.

மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து வந்தவர்கள் எங்கள் முன்னோர். கஹவத்தை இருக்கிற சப்ரகமுவைக்கு வந்தவர்களில் பலர் அதற்குப் பிந்தியவர்கள். றப்பர் இழுத்துக்கொண்டு வந்தது. ரயில் 1912 இல் இரத்தினபுரிக்கும், 1919 இல் கஹவத்தையைத் தாண்டி ஓப்பநாயக்கவுக்கும் எட்டியது. இறங்கிய ஆளுக்குத் தோட்டம் லயத்தில் ஒரு காம்பரா கொடுத்தது, கம்பளி கொடுத்தது. கம்பளிக் காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. கடன் எழுதியாவது முதுகை மூடத் தெரிந்த நிர்வாகத்துக்குக் கால் ஞாபகம் வரவில்லை. அதற்குத் துரையை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஆட்கள் விட்டு வந்த ஊர்களில் பெரிய சாதிக்காரர் தெருவில் செருப்போடு நடக்க முடியாது. அந்தப் பயம் கடல் தாண்டியும் கூடவே வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் துரை முன்னால் செருப்போடு நிற்க எவருக்கும் மனம் வராது என்று பாட்டி சொல்வார்.

வெறுங்காலின் கணக்கு வேறு பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1898 இல் கெய்ரோவில் தற்செயலாகக் கண்டுபிடித்தார்: கொக்கிப்புழு வாய் வழியாக மட்டுமல்ல, தோலைத் துளைத்துக்கொண்டும் உள்ளே போகும். புழுக்குஞ்சு இருந்த நீர் அவர் கையில் சிந்த, அந்த இடம் அரித்தது. பிறகு அவர் வயிற்றிலேயே புழு. இந்தப் புழுவுக்கு என்ன வேண்டும்? நிழல், ஈரம், இளகிய மண், மலம் கழிக்க ஒதுங்கும் இடம், அதே இடத்தில் வந்து மிதிக்கும் வெறுங்கால். கக்கூஸ் இல்லாத லயமும் றப்பர் நிழலும் சேர்ந்தால் குறை என்ன இருக்கிறது! விரலிடுக்கில் அரிப்பு, பிறகு வயிற்று வலி, பிறகு சோகை. மலையேறினால் மூச்சு வாங்கும் ஆளைக் கங்காணி சோம்பேறி என்று திட்டினார்.

ராக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவு 1916 இல் இலங்கைத் தோட்டங்களில் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. ஆட்களை வரிசையாக நிறுத்திக் கீனோப்போடியம் எண்ணெய் கொடுத்தார்கள், பேதிக்கும் கொடுத்தார்கள். புழு விழுந்தது. கொஞ்ச நாளில் திரும்ப ஏறியது. கக்கூஸ் கட்டாமல் மருந்து கொடுப்பதில் பயனில்லை என்று வந்தவர்களுக்கே தெரிந்தது. கட்டுகிற செலவுக்குத் தோட்டத்துரைமார் தயங்கினார்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1909 இல் தொடங்கிய இதே ஒழிப்பு வேலையில் கக்கூஸ் கட்டுங்கள், சப்பாத்துப் போடுங்கள் என்று இரண்டையும் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே பாதி வழியில் நின்றுகொண்டார்கள்.

முதலாம் உலகப் போர் நடந்த அதே வருடங்களில் ஐரோப்பாவில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஸ்கொட்லாந்துக் கொம்பனி ஒன்று பதினொரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சோடி றப்பர் பூட்ஸ் செய்து அனுப்பியது. ஈரத்தில் நிற்கிற கால் அழுகும், அழுகினால் ஆள் வேலைக்கு உதவான் என்று அங்கே புரிந்தது. இங்கே றப்பர் பால் எடுத்த ஆட்கள் ஈரச்சருகில் வெறுங்காலோடு நின்றார்கள்.

றப்பர்ச் செருப்பு மலிவாக வந்த பிறகுதான் லயத்து வாசலில் செருப்புகள் சேர்ந்தன. கோயிலுக்கு, பஜாருக்கு, ஆஸ்பத்திரிக்குப் பாட்டா. மலைக்கு அது சரிவராது: சரிவில் ஈரமானால் பாதம் வழுக்கிக்கொண்டு முன்னால் போகும், வார் கழன்றுவிடும். வெறுங்கால் சறுக்காது, விரல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று அம்மா வாதாடுவார். சறுக்கல் விஷயத்தில் அவர் சொன்னது உண்மை. சருகுக்கடியில் சுருண்டு கிடக்கும் கோப்பி விரியனுக்கு விரல் என்ன செய்யும்? இலங்கையில் அதிகம் பேரைக் கடிக்கிற பாம்பு அதுதான், கடி பெரும்பாலும் பாதத்தில். எலிக்காய்ச்சலும் இரத்தினபுரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. கால் வெடிப்பு வழியாகவும் கிருமி ஏறும்.

தோட்டங்கள் 1992 இல் கொம்பனிகளிடம் போன பிறகு, வெளிநாட்டுச் சான்றிதழ்க்காரர்கள் வந்து பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது முதலில் பூட்ஸ் கிடைத்தது மருந்தடிக்கிற ஆண்களுக்கு. நஞ்சு கையாளுகிறவருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்பது சான்றிதழ் விதி. கொழுந்தெடுக்கிற பெண்கள் நஞ்சு கையாளுவதில்லை, ஆகவே விதியில் அவர்கள் கால் இல்லை. 2015 இல் கிளைபோசேட் என்ற களைகொல்லியைத் தடை செய்து, தேயிலைக்கும் றப்பருக்கும் 2018 இல் திரும்ப அனுமதித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் புல் கையால் வெட்டப்பட்டது. புல்லுக்குள் போன கால்கள் கூடின, பூட்ஸ் கூடவில்லை.

இப்போது பெண்களே கடைக்கு வருகிறார்கள். மொத்த வியாபாரி அனுப்புகிற பெட்டியில் ஏழு, எட்டு, ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்தான் நிறைய. “அண்ணே, ரெண்டு மேஸ் போட்டா நிக்குமா?” என்பார்கள். நிற்காது. குதி உள்ளே ஆடினால் இறக்கத்தில் கணுக்கால் பிசகும். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் போதும், குதி மட்டும் இறுகி இருக்க வேண்டும். அடிப்புறப் பற்கள் ஆழமாக, இடைவெளி விட்டு இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் களிமண் அப்பிக்கொண்டு பலகையாகிவிடும். முழங்கால் உயரப் பூட்ஸ் குந்தி எழும்பும்போது தொடையை அறுக்கும் என்று சிலர் கணுக்காலுக்கு மேலே கத்தியால் வெட்டிக்கொள்கிறார்கள். அது வேண்டாம் என்பேன். பாதிக் கெண்டைக்கால் உயரத்திலேயே கிடைக்கிறது. சாயந்தரம் கழுவிக் கம்பில் கவிழ்த்து வைக்க வேண்டும், காலையில் போடும் முன் தட்டிப் பார்க்க வேண்டும். பூரான் விரும்புகிற வீடு அது.

காசுதான் சிக்கல். 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. ஒரு சோடிக்கு ஒரு நாள் சம்பளம் காணாது. சில தோட்டங்களில் இப்போது தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுத்து, கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள். அந்த ஏற்பாட்டில் உரம் யார் பொறுப்பு என்று பேசுகிறார்கள், பூட்ஸ் யார் பொறுப்பு என்ற பேச்சு எழும்பவில்லை. நான் தவணைக்குக் கொடுக்கிறேன். நாலாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் தனிப்பெட்டியாக அனுப்பச் சொல்லிக் கொழும்புக்கு எழுதியும் இருக்கிறேன்.