பொய் சொன்ன ஊசி

மீஞ்சூர் தாண்டி, கண்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டே கிழக்கே போனால் காட்டுப்பள்ளி வரும். ஒரு பக்கம் வங்கக் கடல், வடக்கே பழவேற்காடு. இங்கே உள்ள எல் அண்ட் டி கப்பல் தளத்தில் 2022ஆம் வருடம் இரண்டு கப்பல்கள் தண்ணீரில் இறங்கின. மே 26 அன்று நிர்தேஷக், நவம்பர் 26 அன்று இக்ஷக். இரண்டுமே இந்தியக் கடற்படையின் சர்வே கப்பல்கள். 110 மீட்டர் நீளம். கடலின் ஆழத்தை அளந்து, மற்ற கப்பல்கள் நம்பிப் போவதற்கு வரைபடம் போட்டுத் தருவதுதான் வேலை. இக்ஷக் என்றால் வழிகாட்டி என்று பொருள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஊருக்கெல்லாம் வழிகாட்டப் போகும் அந்தக் கப்பலின் உடம்பு, தன் தலையில் இருக்கும் திசைகாட்டியையே குழப்பக்கூடிய ராட்சதக் காந்தம். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. எஃகுக் கப்பலாகப் பிறந்தாலே அப்படித்தான்.

நம் காலுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பு ஒரு சமுத்திரம் போலப் புரண்டுகொண்டிருக்கிறது. அந்தப் புரளலில் மின்சாரம் பிறக்கிறது, மின்சாரத்தால் காந்தப்புலம். பூமிக்காந்தம் அங்கிருந்துதான் வருகிறது. வலு என்று பார்த்தால் ஒன்றும் பிரமாதமில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கிறோமே, அந்தப் பொம்மைக் காந்தம் இதைப் போல நூறு மடங்கு இருக்கும். ஆனால் பூமி பொறுமைசாலி. விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இரும்புக்குள் கோடிக்கணக்கான குட்டிக் காந்தப் பிரதேசங்கள் உண்டு. தியேட்டர் கவுண்டர் திறந்த நிமிஷத்துக் கூட்டம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கும். அடித்தாலோ, சூடாக்கி ஆறவிட்டாலோ அவை கொஞ்சம் அசைந்துகொடுக்கும். அசைகிற நேரத்தில் பூமி இழுக்கிற பக்கம் திரும்பி, அப்படியே நின்றுவிடும். எலிசபெத் ராணியின் வைத்தியர் வில்லியம் கில்பர்ட் 1600இலேயே இதை எழுதிவிட்டார். அவருடைய புத்தகத்தில், வடக்கு தெற்காக இரும்பை வைத்து ஒரு கொல்லர் சம்மட்டியால் அடிக்கும் படமே இருக்கிறது. அதே 1600இன் கடைசி நாளில்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு சாசனம் கிடைத்தது. காமர்ஸ் படித்தவனுக்கு இந்த மாதிரி தேதிகள்தான் மனசில் நிற்கும்.

கப்பல் தளத்தில் நடப்பதும் அந்தக் கொல்லர் செய்ததேதான். அன்றைக்கு மாசக்கணக்கில் ரிவெட் அடித்தார்கள், இன்றைக்கு வெல்டிங். கட்டும்போது கப்பலின் முகம் எந்தத் திசையில் இருந்ததோ, அதற்கேற்ப உடம்பில் காந்தம் ஏறிவிடும். ஜாதகம் மாதிரி.

மரக்கப்பல் காலத்தில் இது பெரிய தொல்லையில்லை. பீரங்கி, நங்கூரம், ஆணி என்று கொஞ்சம் இரும்பு, அவ்வளவுதான். இரும்பிலேயே கப்பல் கட்ட ஆரம்பித்ததும் ஊசிகள் பொய் சொல்லத் தொடங்கின. 1838இல் ரெயின்போ என்ற இரும்புக் கப்பலை லண்டன் பக்கம் டெப்ட்ஃபோர்டில் நிறுத்தி, இங்கிலாந்தின் அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி சோதனை செய்தார். முள்ளை முள்ளால் எடுப்பது என்று முடிவு. கப்பலின் காந்தம் ஊசியை எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அதற்கு எதிராக இழுக்கும்படி திசைகாட்டிக்குப் பக்கத்தில் காந்தங்களைப் பதித்தார். கணக்கு சரியாக வந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

பதினாறு வருடம் கழித்து வந்தது டெய்லர் கப்பல். புத்தம் புதிய இரும்புப் பாய்க்கப்பல், முதல் பயணம். ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி பரவியிருந்த நேரம். 1854 ஜனவரி 19, லிவர்பூலில் இருந்து மெல்போர்னுக்கு அறுநூற்றுச் சொச்சம் பேருடன் கிளம்பியது. மூடுபனி, புயல். தெற்கே போகிறோம் என்று திசைகாட்டிகள் சொல்ல, கப்பல் மேற்கே அயர்லாந்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 21ஆம் தேதி டப்ளினுக்கு அருகே லாம்பே தீவின் பாறையில் மோதியது. பாதிக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். நூறு பெண்களுக்கு மேல் இருந்த கப்பலில் பிழைத்த பெண்கள் மூன்றே பேர். மெல்போர்னுக்குச் சீட்டு வாங்கியவர்கள், கிளம்பிய இரண்டாவது நாளே அயர்லாந்துக் கரையில் பிணமாகக் கிடந்தார்கள்.

வில்லியம் ஸ்கோர்ஸ்பி என்று ஒருவர். திமிங்கல வேட்டைக் கப்பலின் கேப்டனாக இருந்து பாதிரியார் ஆனவர். கடலும் தெரியும், காந்தமும் தெரியும். அதே வருடம் லிவர்பூலில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் எழுந்து, ஏரியின் வைத்தியமே ஆபத்து என்றார். கப்பலில் ஏறிய காந்தம் நிலையானதில்லை. புதுக்கப்பலை அலை அடிக்க அடிக்க அது மாறும். மாறிய பிறகும் பழைய காந்தத்துக்காக வைத்த மருந்து அங்கேயே இருந்தால் ஊசியை அதுவே கெடுக்கும் என்பது அவர் வாதம். ஏரி ஒப்புக்கொள்ளவில்லை. பத்திரிகைகளில் சண்டை. ஸ்கோர்ஸ்பி 1856இல், அறுபத்தாறு வயதில், ராயல் சார்ட்டர் என்ற இரும்புக் கப்பலில் ஏறி மெல்போர்ன் வரைக்கும் போய் அளந்து பார்த்துவிட்டு வந்தார். காந்தம் மாறத்தான் செய்தது. மறு வருடம் அவர் இறந்துபோனார்.

எதற்கு அவ்வளவு தூரம் தெற்கே போகவேண்டும்? இந்த இடத்தில்தான் நம் ஊர் வருகிறது. பூமியின் காந்தம் ஊசியை வடக்கே மட்டும் இழுப்பதில்லை, செங்குத்தாகவும் இழுக்கிறது. லிவர்பூலில் ஓர் ஊசியைத் தாராளமாகத் தொங்கவிட்டால், அதன் வடமுனை கிட்டத்தட்ட 70 டிகிரி கீழே சாயும். தெற்கே வரவர சாய்வு குறைந்து, ஓரிடத்தில் படுக்கைவாட்டில் நிற்கும். அதைத் தாண்டினால் வடமுனை மேலே தூக்கிக்கொள்ளும். அந்தப் பூஜ்யக் கோட்டுக்குக் காந்த நிலநடுக்கோடு என்று பெயர். அது இந்தியாவின் தென்கோடி வழியாகப் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே அதற்காகத்தான். அதற்கும் முன்பே, 1830களின் கடைசியில் மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தின் டெய்லரும் (கப்பல் வேறு, இவர் வேறு!) திருவனந்தபுரம் மகாராஜாவின் வானியலாளர் கால்டெகாட்டும் தென்னிந்தியா பூராவும் ஊசியின் சாய்வை அளந்திருக்கிறார்கள்.

கப்பலில் நெட்டுக்குத்தாக நிற்கும் இரும்பெல்லாம், அதாவது தூண், புகைபோக்கி எல்லாம், இந்தச் செங்குத்து இழுப்பால் தற்காலிகக் காந்தமாகின்றன. கோட்டுக்கு வடக்கே ஒரு மாதிரி, தெற்கே அப்படியே தலைகீழ். கோட்டின் மேல் மட்டும் அந்தத் தொல்லை இல்லை. காட்டுப்பள்ளியில் ஊசியின் சாய்வு சுமார் 10 டிகிரிதான். அதனால் இங்கே ஊசி காட்டும் தப்பில் பெரும்பகுதி, கப்பலோடு பிறந்த நிரந்தரக் காந்தத்தின் வேலை. எந்தத் தப்பு எதனால் என்று பிரித்துப் பார்க்க தோதான இடம். இங்கிலாந்தில் இரண்டும் கலந்து குழம்பிக் கிடக்கும். இங்கே சரிசெய்த கப்பல் ஐரோப்பாவுக்குப் போனால், செங்குத்து இழுப்பின் தொல்லை அங்கே தலைகாட்டும். அதற்கு மருந்தாகத் திசைகாட்டியின் அருகே நட்டு வைக்கும் இரும்புத் துண்டுக்கு ஃப்ளிண்டர்ஸ் கம்பி என்று பெயர். ஆஸ்திரேலியக் கரையை மரக்கப்பலில் சுற்றிவந்த மாத்யூ ஃப்ளிண்டர்ஸின் யோசனை.

ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு சார் என்று கேட்பீர்கள். ஜிபிஎஸ்ஸுக்கு சாட்டிலைட் வேண்டும், கைரோ காம்பஸுக்கு கரண்ட் வேண்டும். காந்த ஊசிக்கு இரண்டும் வேண்டாம். அதனால் சர்வதேச விதிப்படி சரக்குக் கப்பலோ பயணிகள் கப்பலோ, காந்தத் திசைகாட்டி இன்றைக்கும் கட்டாயம். அதைச் சரிபார்க்கக் கப்பலைக் கடலில் மெதுவாக ஒரு வட்டம் சுற்றவிடுவார்கள். ஒவ்வொரு திசையிலும் ஊசி எத்தனை டிகிரி தப்பு காட்டுகிறது என்று பார்த்து, காந்தங்களை நகர்த்தி, எவ்வளவு முயன்றாலும் போகாத மிச்சத் தப்பை ஓர் அட்டையில் எழுதி, திசைகாட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுவார்கள்.