காஜி நீதிபதியா?

எங்க ஊர் கூனிமேட்டில் 'காஜி' என்றால் நிக்காஹ்தான் நினைவுக்கு வரும். ஆனால் அரபியில் அதற்குத் 'தீர்ப்பளிப்பவர்' என்று பொருள். முகலாயர் காலத்தில் காஜி நிஜமாகவே நீதிபதி. 1864-ல் ஆங்கிலேய அரசு காஜி நியமனத்தை நிறுத்தியது. திருமணங்களுக்கு அரசு நியமித்த காஜிதான் வேண்டும் என்று மக்கள் விரும்பியதால், 1880-ல் காஜிகள் சட்டம் வந்தது. பதவி திரும்பியது, தீர்ப்பளிக்கும் அதிகாரம் திரும்பவில்லை. (காமர்ஸ்காரன் பாஷையில்: போர்டு இருக்கு, சரக்கு இல்லை!)

ஆனாலும் தலாக் சான்றிதழ் மட்டும் தொடர்ந்தது. அந்தக் காகிதத்தால் எத்தனை பெண்கள் தவித்தார்களோ! வழக்கறிஞர் பதர் சயீத் தொடுத்த வழக்கில், அது வெறும் கருத்துதான், சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் சொன்னது.

இலங்கைத் தமிழில் இதே சொல் 'காதி'. அங்கே 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி காதி நீதிமன்றங்களே முஸ்லிம்களின் விவாகரத்து வழக்குகளை விசாரிக்கின்றன.