வேலரண்டும் அதன் விமரிசகர்களும்

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி, உலகத்தின் பெரும்பகுதி நோய்க்கு அஞ்சிக் கதவடைத்துக் கிடந்த நாட்களில், இன்னும் முழுமை பெறாத ஒரு கணினி விளையாட்டைப் பிறர் ஆடக் காண்பதற்காகவே ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் ஒரே சமயத்தில் சுமார் 17 லட்சம் பேர் கூடினார்கள். அந்த ஒரு நாளில் அவர்கள் பார்த்த நேரத்தையெல்லாம் கூட்டினால் 3 கோடியே 40 லட்சம் மணி ஆகிறது என்று அப்போதே கணக்கிட்டுச் சொன்னார்கள். விளையாட்டின் பெயர் வேலரண்ட். அதை உருவாக்கியவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ரயட் கேம்ஸ் நிறுவனத்தார். 2009 முதல் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற ஒரே விளையாட்டினால் பெரும் கீர்த்தி பெற்றிருந்த அந்நிறுவனம், துப்பாக்கி விளையாட்டில் கைவைப்பது அதுவே முதல் தடவை.

அந்தப் பெருங்கூட்டத்தை விளையாட்டின் மேன்மைக்குச் சாட்சியாகக் கொள்வது நியாயமாகாது. பரீட்சார்த்தப் பதிப்பை ஆட விரும்புவோர், தங்கள் கணக்கை ட்விட்சோடு இணைத்துக்கொண்டு பிறருடைய நேரலையைப் பார்த்தபடி இருந்தால், யாருக்கு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாத வகையில் அனுமதி வந்து சேரும் என்பது ரயட் செய்திருந்த ஏற்பாடு. ஆகவே ரசனையால் வந்தவர் எத்தனை பேர், ஆசையால் காத்திருந்தவர் எத்தனை பேர் என்று பிரித்தறிய வழியில்லாமற் போயிற்று. ஒளிபரப்பாளர் சிலர், தாம் உறங்கும் வேளையிலும் கூட்டம் கலையாதிருக்கும் பொருட்டுப் பழைய பதிவுகளை நேரலை போல ஓடவிட, ட்விட்ச் அதைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. அந்த எண்ணிக்கைகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, ஆடிப் பார்த்து எழுதியவர்கள் சொன்னதையே நாம் கேட்க வேண்டும்.

அவர்களிற் பலர் முதலிற் சொன்னது, இது கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கின் பிரதி என்பது. மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள், வால்வ் நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் விளையாட்டை அடித்தளமாகக் கொண்டு 1999 ஜூன் மாதத்தில் இலவசமாக வெளியிட்ட மாற்றுருவமே கவுன்ட்டர் ஸ்ட்ரைக். மறு ஆண்டே வால்வ் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டு விற்பனைக்கு விட்டது. ஒரு கட்சி வெடிகுண்டு வைக்க முயல்வதும், மறு கட்சி தடுக்க முயல்வதும், செத்தவன் அடுத்த சுற்று வரையில் கைகட்டிக் காத்திருப்பதும், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஈட்டிய பணத்துக்குத் தக்கபடி ஆயுதம் வாங்குவதும் அவ்விளையாட்டு வகுத்த இலக்கணம். வேலரண்டில் குண்டுக்கு ஸ்பைக் என்று பெயர். ஐவருக்கு ஐவர் மோதி, 13 சுற்றுகளை முதலில் வெல்லும் அணி ஜயிக்கும். இந்த இலக்கணத்தின் மீது, ஓவர்வாட்ச் போன்ற விளையாட்டுகளில் மக்கள் பழகியிருந்த மாய சக்திகளை ஏற்றி வைத்தார்கள் என்பதனால், இரண்டு பழைய பண்டங்களைக் கலந்து புதிய சரக்கென்று விற்கிறார்கள் என்ற ஏச்சு எழுந்தது.

இந்த ஏச்சில் உண்மை உண்டு. ஆனால் நீதி இல்லை என்பது என் அபிப்பிராயம். பந்தாட்டத்திலும் சதுரங்கத்திலும் விதிகளின் தொடர்ச்சியை யாரும் திருட்டென்று சொல்வதில்லை. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் ஆட்டக்காரராகப் பெயரெடுத்து, அதன் கேஷ் என்ற ஆடுகளத்தை வடிவமைத்தவர்களில் ஒருவராகவும் விளங்கிய சல்வடோர் கரோஸோ, வேலரண்டை உருவாக்கிய குழுவிலே இருந்தார்; அந்த மரபின் வாரிசுகளே அதை வளர்த்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மேலும், சக்திகளைச் சேர்த்த விதத்தில்தான் அவர்களுடைய விவேகம் தெரிகிறது. சேஜ் என்ற பாத்திரம் எழுப்பும் சுவரும், சோவா என்பவன் எய்யும் வேவு அம்பும், சைஃபர் என்பவன் ஒளித்து வைக்கும் கேமராவும் எதிரியின் கண்ணை மறைப்பதற்கோ, இருப்பிடத்தை அறிவதற்கோ, வழியை அடைப்பதற்கோ பெரும்பாலும் பயன்படுகின்றனவேயன்றி, உயிரை வாங்கும் வேலை துப்பாக்கியிடமே விடப்பட்டிருக்கிறது. அச்சக்திகளிற் பலவற்றையும் துப்பாக்கி வாங்கும் அதே பணத்தில்தான் வாங்க வேண்டும். முதற் சுற்றில் கையில் இருப்பதோ 800 கிரெடிட், வேண்டல் என்ற நல்ல துப்பாக்கியின் விலையோ 2,900. ஆகவே இந்தச் சுற்றைத் தியாகம் செய்து பணம் சேர்ப்பதா, உள்ளதைக் கொண்டு பொருதிப் பார்ப்பதா என்று ஐவரும் கூடி யோசிக்கும் அந்தச் சில விநாடிகளில், குறிபார்க்கும் திறமைக்குச் சமமாகச் சிந்தனைக்கும் ஸ்தானம் கிடைத்துவிடுகிறது.

ஜூன் 2-ஆம் தேதி நான்கு ஆடுகளங்களோடும் பதினொரு பாத்திரங்களோடும் விளையாட்டு முறையாக வெளிவந்தபோது, விமரிசகர்கள் இதை உணர்ந்தே எழுதினார்கள். ஐ.ஜி.என். என்ற விளையாட்டு விமரிசனத் தளம் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வழங்கியது. பல பத்திரிகைகளின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காணும் மெட்டாகிரிட்டிக்கில் அது நூற்றுக்கு 80 என்ற அளவில் நின்றது. தோற்றம் எளிமையாய், சற்று வறண்டிருக்கிறது என்றும், ஆடுகளங்கள் போதா என்றும் குறை கூறியவர்கள் உண்டு. அவ்வெளிமைக்குக் காரணம் உண்டு: பழைய, மலிவான கணினியிலும் தடையின்றி ஓட வேண்டும், எதிரியின் உருவம் எந்த மூலையிலும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே செய்தவர்களின் நோக்கம். விநாடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடும் சர்வர்களை, காசு கொடுக்காத ஆட்டக்காரனுக்கும் அவர்கள் அளித்தார்கள். அப்போது கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கின் சொந்தப் போட்டி சர்வர்களில் அந்த எண்ணிக்கை 64 தான். இலவசமென்றால் தரம் குறைந்தது என்ற எண்ணத்தை இந்தச் செயல் பெரிதும் மாற்றியது.

ஆனால் ஏப்ரல் மாதத்திலேயே ஆட்டக்காரர்கள் எழுப்பிய வேறொரு ஆட்சேபம், பிரதி என்ற பேச்சைக் காட்டிலும் கனமானது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பதற்காக விளையாட்டோடு சேர்த்து நிறுவப்படும் வேன்கார்ட் என்ற காவல் மென்பொருள், இயங்குதளத்தின் மிக ஆழமான கெர்னல் அடுக்கில் குடியேறி, விளையாட்டைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், கணினி உயிர்பெறும் கணத்திலிருந்தே விழித்திருக்கும் என்பது தெரிந்தபோது பலர் திடுக்கிட்டார்கள். அது எந்தத் தகவலையும் திரட்டவில்லை என்று ரயட் உறுதி கூறியது. அதில் ஓட்டை கண்டுபிடிப்போருக்கு 1 லட்சம் டாலர் வரை பரிசளிப்பதாக அறிவித்தது. வேண்டாதபோது அதை நிறுத்திக்கொள்ளும் வசதியையும், மறுபடி ஆட வேண்டுமானால் கணினியை மீண்டும் துவக்கியாக வேண்டும் என்ற நிபந்தனையோடு, அந்த மாதத்திலேயே சேர்த்தது. ஏமாற்றுக்காரன் கெர்னலுக்குள் நுழைகிறான், அவனைத் துரத்தக் காவலனும் நுழைந்தாக வேண்டும் என்ற வாதம் வலிமையுள்ளதுதான். எனினும், வீட்டுத் திறவுகோலைக் கேட்கிறவன் யோக்கியனா இல்லையா என்பது வேறு, ஒரு விளையாட்டுக்காக அதைக் கேட்கலாமா என்பது வேறு. மதிப்பெண் வழங்கியவர்கள் இந்த வித்தியாசத்தை இன்னும் அழுத்தமாக எழுதியிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

பிற குறைகளைக் காலம் படிப்படியாகத் தீர்த்தது. அலங்காரத் துப்பாக்கி உறைகளான ஸ்கின்களின் விலையைப் பற்றிய முறையீடு, 2020 ஜூலையில் வந்த எல்டர்ஃபிளேம் தொகுப்பின்போது உச்சத்தை அடைந்தது. ஆனால் அவை ஆட்டத்தின் பலத்தைக் கூட்டுவதில்லை. ஆடுகளங்கள் பெருகின, அவற்றுள் 2023 ஜனவரியில் வந்த லோட்டஸ், நம் மேற்குத் தொடர்ச்சி மலையைக் களமாகக் கொண்டது. 2020-இல் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் பரிந்துரையோடு திரும்பிய வேலரண்ட், 2022-இல் அதே மேடையில் சிறந்த இ-ஸ்போர்ட்ஸ் விளையாட்டுக்குரிய விருதைப் பெற்றது. வேன்கார்டைப் பற்றிய கேள்வி மட்டும் தீரவில்லை. 2024 மே மாதத்தில் ரயட் அந்தக் காவலை லீக் ஆஃப் லெஜெண்ட்ஸுக்கும் கட்டாயமாக்கியது.